கேம் மாற்றினால் பவர் கூடுமா? வால்வு டைமிங்கை அடியிலிருந்து புரிந்துகொள்வோம்

"டைமிங் போயிடுச்சுண்ணா, செட் பண்ணிக் குடுங்க."

காட்பாடியில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு இப்படிச் சொல்லிக்கொண்டு வண்டியைத் தள்ளிவருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்த டைமிங்?" என்றுதான். பெரும்பாலும் பதில் வராது. நம் பக்கத்தில் மூன்று வேறு வேறு வேலைகளுக்கு அந்த ஒரே சொல்லைப் புழங்குகிறோம். ஸ்பார்க் பிளக்கில் பொறி எந்த நேரத்தில் அடிக்க வேண்டும் என்பது ஒரு டைமிங். வால்வு எப்போது திறந்து எப்போது மூட வேண்டும் என்பது இன்னொரு டைமிங். டேப்பட் இடைவெளி வைப்பதைக்கூடச் சிலர் டைமிங் என்கிறார்கள். மூன்றும் தொடர்புள்ளவைதான், ஆனால் ஒன்றில்லை. ஒன்றில் கோளாறு இருக்க மற்றொன்றைத் திருகிக்கொண்டிருந்தால் வண்டி என்றைக்கும் சரியாகாது.

இந்தக் குழப்பத்தோடு இப்போது பெர்ஃபாமன்ஸ் கேம் ஆசையும் சேர்ந்துகொண்டது. வால்வுகளைத் திறக்கிற தண்டுதான் கேம். இணையத்தில் பெட்டி வாங்கி வந்து, "இதைப் போட்டா வண்டி பறக்கும்" என்று நம்பி மாட்டிவிடுகிறார்கள். அப்படி ஒரு வண்டி போன மாம்பழ சீசனில் எங்களிடம் வந்தது. ஏலகிரி மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. தோப்புக்குள் கூடை ஏற்றிச் செல்லவும், மேட்டில் இருக்கும் கிணற்றுக்குப் போய்வரவும் 400 சிசி ஏடிவி, அதாவது கரடுமுரடான தரையில் ஓடும் நான்கு சக்கர வண்டி, ஒன்று வைத்திருந்தார்கள். வீட்டுப் பையன் கேம் வாங்கி வேறொரு இடத்தில் மாட்டியிருக்கிறான். "இன்னான்னே தெரியலண்ணா. சமதரையில முறுக்கினா பிச்சிக்கினு போவுது. கூடைய வெச்சிக்கினு மேடு ஏறச்சொன்னா செத்துடுது" என்றான்.

அந்தப் பையனுக்குப் பட்டறை வாசலில் உட்கார்ந்து நான் விளக்கியதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். மெக்கானிக் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

## தையல் மிஷினில் இருக்கிறது முதல் பாடம்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று எங்கே போனாலும் தோல் தைக்கிற மிஷின் ஓடுகிறது. நம் வீடுகளில் யாராவது ஒருவராவது ஷூ கம்பெனிக்குப் போய்வந்தவராக இருப்பார். அவரைக் கேட்டுப் பாருங்கள். தையல் விட்டு விட்டு விழுந்தால் மிஷின் மெக்கானிக் வந்து ஊசியை மாற்றிப் பார்ப்பார். அதற்கும் சரியாகவில்லை என்றால் "ஹுக் டைமிங்" பார்ப்பார்.

ஊசி கீழே இறங்கி மறுபடி மேலே கிளம்பும்போது நூல் ஒரு சின்ன வளையமாக விரியும். அந்த நொடியில் கீழே சுற்றும் ஹுக்கின் முனை வந்து வளையத்தைக் கவ்வ வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் தையல் தவறும். ரொம்பவே தவறினால் ஊசியும் ஹுக்கும் மோதி ஊசி முறியும். மிஷினின் மோட்டார் பெரிதா சிறிதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு பொருள்கள் ஒரே இடத்துக்கு வந்துபோகின்றன. யார் எப்போது வருவது என்பதுதான் கேள்வி.

என்ஜினின் தலைக்குள்ளும் இதே கதை. அங்கே ஊசிக்குப் பதில் பிஸ்டன், ஹுக்குக்குப் பதில் வால்வு.

## நான்கு வேலை, இரண்டு சுற்று

ஏடிவியில் இருப்பது தனி இன என்ஜின் ஒன்றும் இல்லை. பெரும்பாலும் மோட்டார் பைக்கில் இருப்பதுபோல ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் என்ஜின்தான். வண்டி மட்டும் கனமானது, டயர் அகலமானது, மெதுவாக, பாரத்தோடு, கரடுமுரடான தரையில் ஓடுவது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. அது உச்சிக்கு வந்து நிற்கும் புள்ளியை டாப் டெட் சென்டர் என்பார்கள். இந்தக் கட்டுரையில் மேல் முனை என்கிறேன். அடியில் நிற்கும் புள்ளி கீழ் முனை. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுகிற தண்டு கிராங்க் ஷாஃப்ட்.

பிஸ்டன் இறங்கும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை உள்ளே வருகிறது. ஏறும்போது அது நசுங்குகிறது. பொறி பட்டு எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுபடி ஏறும்போது எரிந்த புகை வெளியே போகிறது. இந்த நான்கு வேலையும் முடிய கிராங்க் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். டிகிரியில் சொன்னால் 720.

கலவை வர ஒரு கதவு, புகை போக ஒரு கதவு. இந்தக் கதவுகள்தான் வால்வுகள்: இன்லெட், எக்ஸாஸ்ட். அவற்றைத் திறக்கிற தண்டு கேம் ஷாஃப்ட். அந்தத் தண்டின்மேல் கோழிமுட்டையை நீளவாக்கில் வெட்டியது போன்ற மேடுகள் இருக்கும். ஒவ்வொரு மேட்டையும் லோப் என்பார்கள். மேடு திரும்பி வரும்போது வால்வை அழுத்தித் திறக்கும். மேடு கடந்துபோனதும் ஸ்பிரிங் அதை மூடிவிடும். ஒவ்வொரு வால்வும் இரண்டு கிராங்க் சுற்றுக்கு ஒருமுறை திறந்தால் போதும் என்பதால் கேம் ஷாஃப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. இரண்டையும் பிணைப்பது கேம் செயின். நம் ஆட்கள் சொல்வது டைமிங் செயின்.

இதில் உள்ள அவசரத்தையும் சொல்லிவிடுகிறேன். 6000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6000 சுற்றில், கிராங்க் ஒரு சுற்று சுற்ற ஆகும் நேரம் நொடியில் நூறில் ஒரு பங்கு. பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்க அதிலும் பாதி. அந்த இருநூறில் ஒரு நொடிக்குள் சிலிண்டர் நிரம்ப வேண்டும். ஒரு நொடிக்கு 50 தடவை ஒவ்வொரு வால்வும் திறந்து மூடுகிறது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: வால்வு என்பது கதவு, கேம் என்பது கதவைத் திறக்கும் கை, செயின் அந்தக் கையைப் பிஸ்டனின் அசைவோடு கட்டிவைக்கிறது.

## கதவு ஏன் முன்பே திறக்கிறது, ஏன் தாமதமாக மூடுகிறது?

பலர் நினைப்பது, பிஸ்டன் மேல் முனையில் இருக்கும்போது இன்லெட் திறந்து, கீழ் முனைக்கு வந்ததும் மூடும் என்று. பள்ளிப் புத்தகப் படத்தில் அப்படித்தான் இருக்கும். நிஜ என்ஜினில் அப்படி இல்லை.

போர்வெல் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். நீளமான பைப்பில் தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது வால்வைச் சட்டென்று மூடினால் "டம்" என்று பைப்பே அதிரும். ஓடுகிற தண்ணீருக்குக் கனம் இருக்கிறது, வேகம் இருக்கிறது; அது உடனே நிற்க மறுக்கிறது. அதேபோல் மோட்டாரைப் போட்டவுடன் கடைமடையில் தண்ணீர் கொட்டிவிடாது. நின்றிருந்த தண்ணீர் நகரத் தொடங்க நேரம் எடுக்கும்.

காற்றுக்கும் கனம் உண்டு. இன்லெட் பாதையில் ஓடிவரும் கலவை, பிஸ்டன் கீழ் முனையைத் தொட்டுத் திரும்பிய பிறகும் தன் வேகத்தில் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அப்போது கதவை மூடிவிட்டால் வந்துகொண்டிருந்ததை வாசலிலேயே நிறுத்தியதாகும். அதனால் கீழ் முனை தாண்டியும் கொஞ்சம் திறந்து வைக்கிறார்கள். வால்வு ஒரேயடியாகத் திறந்துவிடாது, மெல்ல உயர்ந்துதான் திறக்கும் என்பதால் மேல் முனைக்குச் சற்று முன்பே திறக்கத் தொடங்கவும் வேண்டும்.

எக்ஸாஸ்டுக்குப் பிரஷர் குக்கரைப் பாருங்கள். வெயிட்டைத் தூக்கினால் ஆவி தானே சீறிக்கொண்டு போகிறது. எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளும் வேலையில் பெரும்பகுதி கீழ் முனைக்கு முன்பே முடிந்துவிடுகிறது. அப்போதே கதவைத் திறந்துவிட்டால் மிச்ச அழுத்தம் தன்னால் வெளியேறும். மேலே வருகிற பிஸ்டன் புகையை முக்கித் தள்ள வேண்டியதில்லை.

ஆக, புகை போகிற முடிவிலும் கலவை வருகிற தொடக்கத்திலும், மேல் முனையை ஒட்டிக் கொஞ்ச நேரம் இரண்டு கதவும் திறந்தே இருக்கின்றன. இதற்குப் பெயர் ஓவர்லேப். காட்பாடி – பாகாயம் டவுன் பஸ்ஸில் ஒரு படியில் இறங்க, இன்னொரு படியில் ஏற, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறதே, அதுதான். வேகமாகச் சுற்றும்போது வெளியேறும் புகை பின்னால் ஒரு வெற்றிடத்தை இழுத்துக்கொண்டு போகும். அது புதுக் கலவையை உள்ளே இழுக்கும். மெதுவாகச் சுற்றும்போது அந்த இழுவை இருக்காது. புகை இன்லெட் பக்கமே திரும்பும். இறங்கினவரே அடுத்த படி வழியாகத் திரும்பி ஏறுவது போல.

## பெர்ஃபாமன்ஸ் கேம் என்ன செய்கிறது?

எண்களோடு பார்த்தால் தெளிவாகும். ஒரு சாதாரண கேமின் இன்லெட் மேல் முனைக்கு 10 டிகிரி முன்னால் திறந்து, கீழ் முனைக்கு 40 டிகிரி பின்னால் மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் பிஸ்டன் இறங்கும் 180 டிகிரி. மொத்தம் 230. வால்வு திறந்திருக்கும் இந்த மொத்த அளவுதான் டியூரேஷன். வால்வு எவ்வளவு தூரம் கீழே இறங்கித் திறக்கிறது என்பது லிஃப்ட், அது மில்லிமீட்டரில்.

இப்போது பெட்டியில் வந்த கேம், 25 டிகிரி முன்னால் திறந்து 60 டிகிரி பின்னால் மூடுகிறது. டியூரேஷன் 265. எக்ஸாஸ்டும் இதே அளவில் நீண்டிருந்தால் ஓவர்லேப் 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குப் போகிறது.

8000 ஆர்பிஎம்மில் இது வரம். கலவை அவ்வளவு வேகத்தில் ஓடிவருகிறது. கதவு கூடுதல் நேரம் திறந்திருந்தால் கூடுதல் கலவை சேரும். 2500 ஆர்பிஎம்மில் இதே விஷயம் கேடு. கலவைக்கு வேகம் இல்லை. பிஸ்டன் கீழ் முனையிலிருந்து திரும்பி மேலே ஏறத் தொடங்கிவிட்டது, கதவோ இன்னும் 60 டிகிரி வரைக்கும் திறந்திருக்கிறது. உள்ளே வந்ததில் ஒரு பங்கை வந்த வழியே வெளியே தள்ளிவிடுகிறது. மிச்சம் இருப்பதைத்தான் நசுக்க முடியும். இழுவை எங்கிருந்து வரும்?

பெரிய கேம் கீழ் ஆர்பிஎம்மில் இருந்த இழுவையை எடுத்து மேல் ஆர்பிஎம்மில் கொண்டுபோய் வைக்கிறது. மேலே கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் கீழே விட்டுக்கொடுத்தது நிச்சயம். ஸ்லோவில் நிற்காமல் "தட் தட்" என்று தடுமாறும் சத்தத்தைக் கேட்டுப் பலர் "ரேஸ் வண்டி சவுண்டு" என்று சந்தோஷப்படுகிறார்கள். அது இரண்டு கதவும் திறந்திருக்கும் நேரத்தில் புகை திரும்பி உள்ளே வருகிற சத்தம்.

மாந்தோப்பு வண்டியில் நடந்தது இதுதான். கூடையோடு மேடு ஏறும்போது என்ஜின் 2500, 3000 ஆர்பிஎம்மில்தான் சுற்றும். அந்த இடத்தில்தான் புது கேம் கையை விரித்தது. இதில் இன்னொரு வருத்தமான விஷயம் உண்டு. எங்களிடம் வருவதற்கு முன் ஒருவர் சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்து, "கம்ப்ரஷன் குறைவு, ரிங் போயிடுச்சு, போர் பண்ணணும்" என்று சொல்லியிருக்கிறார். கேஜ் பொய் சொல்லவில்லை. செல்ஃபில் சுற்றும் மெதுவான வேகத்தில் தாமதமாக மூடும் இன்லெட் கலவையை வெளியே விட்டுவிடுவதால் கேஜில் எண் குறைவாகத்தான் வரும். நான் சிலிண்டருக்குள் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். ரிங், அதாவது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம், தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து எண் நன்றாக ஏறியிருக்கும். ஏறவில்லை. ரிங் நன்றாகவே இருந்தது. ஒரு நல்ல சிலிண்டரை வீணாகக் குடைந்திருப்பார்கள்.

சுருக்கமாக: டியூரேஷன் நீண்டால் இழுவை மேல் வேகத்துக்கு நகரும். நீங்கள் வண்டியை எந்த ஆர்பிஎம்மில் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் கேம் தேர்வு செய்ய வேண்டும். மலைப்பாதை, பாரம், தோட்ட வேலை என்றால் கம்பெனி கேம் அல்லது கீழ் இழுவைக்கென்றே வடித்த கேம். டயரைச் சுழலவிட்டே ஓட்ட வேண்டிய ஆழ மணல், பந்தயம் என்றால் நீண்ட டியூரேஷனுக்கு அர்த்தம் உண்டு. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவு ஏறிச் சுமார் 1,100 மீட்டர் உயரத்துக்குப் போனால் காற்றே பத்தில் ஒரு பங்கு மெலிந்துவிடுகிறது. அங்கே கீழ் இழுவையையும் விட்டுக்கொடுத்தால் வண்டியைத் தள்ளத்தான் வேண்டும்.

கேம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஒரு கம்பெனி 280 டிகிரி என்கும், இன்னொன்று 245 என்கும். பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். வால்வு அசையத் தொடங்கும் முதல் நொடியிலிருந்து அளந்தால் எண் பெரிதாக வரும். 1 மில்லிமீட்டர் உயர்ந்த பிறகு அளந்தால் சிறிதாக வரும். ஒரே கேமுக்கே இரண்டு எண்ணும் இருக்க முடியும். கேமோடு வரும் அட்டையில் எந்த உயரத்தில் அளந்தது என்று போட்டிருக்கும். ஒரே உயரத்தில் அளந்த எண்களை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

## மாட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்று

ஊசியும் ஹுக்கும் மோதினால் ஊசி முறியும் என்றேன். இங்கே மோதினால் வால்வு வளையும், பிஸ்டன் குழியும், சில சமயம் வால்வின் தலையே முறிந்து சிலிண்டருக்குள் விழும். பிஸ்டன் மேல் முனையை ஒட்டி வரும் ஓவர்லேப் நேரத்தில்தான் இரண்டும் மிக நெருங்குகின்றன. எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டு போகும்போது பிஸ்டன் அதைத் துரத்திக்கொண்டு வருகிறது. இன்லெட் திறக்கும்போது அது பிஸ்டனைத் துரத்திக்கொண்டு இறங்குகிறது. லிஃப்ட் கூடிய கேம் இந்த இடைவெளியைத் தின்றுவிடும்.

அளப்பதற்குக் குழந்தைகள் விளையாடும் களிமண் போதும், கடையில் வண்ண வண்ணமாக விற்கிறதே அதுதான். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனின் தலையில் வால்வுக்காகக் குடைந்திருக்கும் பள்ளங்களில் களிமண்ணை அப்பி, வால்வின் முகத்தில் துளி எண்ணெய் தடவி, ஹெட்டைப் பழைய கேஸ்கெட்டோடு மாட்டி இறுக்கி, கேமும் செயினும் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். மறுபடி பிரித்தால் வால்வின் அச்சு களிமண்ணில் பதிந்திருக்கும். பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெலிந்த இடத்தை வெர்னியரில் அளக்க வேண்டும். கேம் அட்டையில் சொன்ன குறைந்தபட்ச அளவுக்கு ஒரு மயிரிழை குறைந்தாலும் அந்தக் கேம் அந்த என்ஜினில் போகக் கூடாது. எக்ஸாஸ்டுக்கு எப்போதும் இன்லெட்டைவிடக் கூடுதல் இடைவெளி கேட்பார்கள். அது சூட்டில் நீளும்.

ஸ்பிரிங்கையும் மறக்கக் கூடாது. வேகம் கூடினால் பழைய ஸ்பிரிங் வால்வை உரிய நேரத்தில் இழுத்து மூட முடியாமல் தடுமாறும். லிஃப்ட் கூடினால் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடலாம். கேம் அட்டை "இந்த ஸ்பிரிங்தான் போட வேண்டும்" என்று சொன்னால் அது விற்பனைப் பேச்சு இல்லை.

## குறிகளை வைத்து மாட்டுவது

மேக்னெட்டின், அதாவது கிராங்க் முனையில் சுற்றும் சக்கரத்தின், விளிம்பில் கோடுகள் வெட்டியிருக்கும். பல என்ஜின்களில் ஒரு கோட்டின் பக்கத்தில் 'டி' என்ற ஆங்கில எழுத்து, இன்னொன்றின் பக்கத்தில் 'எஃப்'. 'டி' என்பது மேல் முனை. 'எஃப்' என்பது ஸ்லோவில் பொறி அடிக்கும் இடம். மேல் முனைக்குச் சற்று முன்னால். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இரண்டு டைமிங்கும் ஒரே சக்கரத்தில் பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. கேம் மாட்ட 'டி' மட்டுமே. அவசரத்தில் 'எஃப்' கோட்டை வைத்து மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான்கு வேலையும் முடிய இரண்டு சுற்று என்பதால் 'டி' கோடு இரண்டு முறை வரும். ஒன்று கலவை நசுங்கி முடியும்போது, மற்றொன்று புகை போய் முடியும்போது. நமக்கு வேண்டியது முதலாவது. பழைய கேமைக் கழற்றும் முன்பே அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இரண்டு ராக்கர் ஆர்மும், அதாவது கேமின் அழுத்தத்தை வால்வுக்குக் கொடுக்கும் நெம்புகோல்கள், விரலால் ஆட்டினால் லேசாக ஆட வேண்டும். இரண்டு வால்வும் மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

டென்ஷனரை, செயினைத் தளராமல் பிடித்திருக்கும் அந்தத் தள்ளுகோலை, முதலில் பின்வாங்கவைத்துக் கழற்ற வேண்டும். செயினைக் கட்டுக்கம்பியால் கட்டி மேலே மாட்டிவிடுங்கள். உள்ளே விழுந்தால் எடுப்பது பெரும்பாடு. செயின் போகும் பள்ளத்தில் சுத்தமான துணி அடைத்துவிட்டு ஸ்ப்ராக்கெட்டின், அதாவது செயின் மாட்டும் பற்சக்கரத்தின், போல்ட்டைக் கழற்றுங்கள். புது கேமின் லோப்களிலும் தாங்கு பரப்புகளிலும் அசெம்பிளி கிரீஸ் தாராளமாகத் தடவி, ஸ்ப்ராக்கெட்டின் கோடு ஹெட்டின் மட்டத்தோடு ஒத்து நிற்கும்படி வைத்து, செயினைப் போட்டு இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பதை டார்க் ரெஞ்ச்தான் சொல்ல வேண்டும், கை சொல்லக் கூடாது.

ஒரு பல் தள்ளினால் என்ன ஆகும் என்று அந்தப் பையன் கேட்டான். கேம் ஸ்ப்ராக்கெட்டில் 36 பல் என்றால் ஒரு பல்லுக்கு 10 டிகிரி. ஆனால் கேம் பாதி வேகத்தில் சுற்றுவதால் கிராங்க் கணக்கில் 20 டிகிரி. சற்று முன் இன்லெட் 10 டிகிரி முன்னால் திறக்கிறது என்றோமே, அதைவிட இரு மடங்கு தவறு. "ஒரு பல்தானே" என்று விடுகிற விஷயம் இல்லை.

## குறி மட்டும் போதாது: டிகிரி வீல்

கம்பெனி கேமுக்குக் குறிகள் போதும். வெளியே வடித்த கேமுக்குப் போதாது. லோப் வடித்ததில், ஸ்ப்ராக்கெட் துளையில், செயின் தேய்மானத்தில் என்று அங்கங்கே ஓரிரு டிகிரி சேர்ந்துவிடும். அதனால் அளக்க வேண்டும். அதற்கான கருவி டிகிரி வீல்: 360 டிகிரியும் அச்சடித்த வட்டத் தகடு. கிராங்க் முனையில் அதைப் பொருத்தி, கெட்டிக் கம்பி ஒன்றை வளைத்து முள்ளாக வைப்போம்.

முதல் வேலை உண்மையான மேல் முனையைக் கண்டுபிடிப்பது. பிளக் துளையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு, "இதோ உச்சி" என்று கண்டுபிடிக்க முடியாது. உச்சியில் பிஸ்டன் ஏறத்தாழ நின்றே விடுகிறது. கிராங்க் 5 டிகிரி திரும்பினாலும் அது கால் மில்லிமீட்டர்கூட நகராது. அதனால் குறுக்கு வழி ஒன்று. பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் என்ற தடுப்பைத் திருகி, பிஸ்டன் உச்சிக்கு வர முடியாமல் செய்வோம். கையால் ஒரு பக்கம் மெல்லச் சுற்றினால் தடுப்பில் முட்டி நிற்கும். வீலில் 38 காட்டுகிறது. எதிர்ப்பக்கம் சுற்றினால் மறுபடி முட்டும், 44 காட்டுகிறது. இரண்டின் சராசரி 41. இரு பக்கமும் 41 காட்டும்படி வீலை 3 டிகிரி நகர்த்தினால் பூஜ்யம் சரியாக மேல் முனையில் விழும். தடுப்பைக் கழற்றிவிட வேண்டும், மறக்கக் கூடாது.

இரண்டாவது, இன்லெட் வால்வு முழுதாகத் திறந்திருக்கும் இடம். இதைக் கேம் சென்டர்லைன் என்பார்கள். இங்கும் உச்சியில் வால்வு நின்றுவிடுவதால் அதே தந்திரம்தான். மயிரிழை நகர்வையும் காட்டும் டயல் கேஜை வால்வு ஸ்பிரிங்கின் மேல்தொப்பியில் வைத்து, முழு உயரத்துக்கு 1 மில்லிமீட்டர் முன்னால் ஒரு டிகிரி குறித்துக்கொள்கிறோம்: 70. உச்சி தாண்டி 1 மில்லிமீட்டர் இறங்கியதும் இன்னொன்று: 146. நடுவில் 108. மேல் முனைக்கு 108 டிகிரி பின்னால் இன்லெட் முழுதாகத் திறக்கிறது. அட்டையிலும் 108 என்றிருந்தால் வேலை முடிந்தது. 112 வந்தால் கேம் 4 டிகிரி பிந்தி நிற்கிறது. நீள்துளை உள்ள ஸ்ப்ராக்கெட்டில் போல்ட்டைத் தளர்த்தி, கேமை 2 டிகிரி முன்னால் திருப்பி, இறுக்கி, மறுபடி அளக்க வேண்டும். என்ஜின் சுற்றும் திசையில் மட்டுமே சுற்றி அளக்க வேண்டும். பின்னால் திருப்பினால் செயினின் தளர்ச்சி கணக்கைக் கெடுக்கும்.

இந்த நகர்த்தலை வேண்டுமென்றேயும் செய்வதுண்டு. கேமைச் சற்று முந்த வைத்தால் இன்லெட் சீக்கிரம் மூடும், கீழ் இழுவை கொஞ்சம் திரும்பும். பிந்த வைத்தால் மேல் வேகத்துக்குச் சாதகம். ஆனால் நகர்த்திய ஒவ்வொரு முறையும் வால்வுக்கும் பிஸ்டனுக்குமான இடைவெளி மாறுகிறது. களிமண் சோதனையைத் திரும்பச் செய்யாமல் விடாதீர்கள்.

அளவுகளைச் சரிபார்க்கும் முறை இரண்டே: நேரடியாக உச்சியைத் தேடாமல் இரு பக்கமும் அளந்து நடுவைக் காண்பது, காண்பதை அட்டையோடு ஒப்பிடுவது.

## ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்

பல வருடங்களுக்கு முன் ஒரு வண்டியில் எல்லாம் சரியாக அளந்து மாட்டிய பிறகு, டென்ஷனரின் பூட்டை விடுவிக்க மறந்துவிட்டேன். செல்ஃப் அடித்ததும் பிடித்தது. ஒரே ஒரு "டிக்". அணைந்துவிட்டது. பிரித்தபோது பிஸ்டனின் தலையில் பிறை வடிவில் பளபளவென்று ஒரு வெட்டு. இன்லெட் வால்வு வளைந்திருந்தது. தளர்ந்த செயின் பல் தாண்டியிருந்தது. வால்வும் கைடும் என் காசில் வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பிஸ்டன் இன்னும் என் மேசையில் இருக்கிறது; புதிதாக வேலை கற்க வருகிற பையன்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.

அன்றிலிருந்து டென்ஷனரை விடுவித்த பிறகு, பிளக்கைக் கழற்றிவைத்துவிட்டு, ஸ்பேனரால் கிராங்க்கை மெதுவாகக் குறைந்தது இரண்டு முழுச் சுற்று சுற்றாமல் செல்ஃபைத் தொடுவதில்லை. ஸ்பிரிங்கின் எதிர்ப்பு ரப்பர் மாதிரி இருக்கும்; கொடுத்து வாங்கும். உலோகத்தில் உலோகம் முட்டினால் கைக்கு உடனே தெரியும், கல்லில் முட்டியது போல நிற்கும். அங்கே பலம் காட்டக் கூடாது. நிறுத்தி, குறிகளைப் பார்க்க வேண்டும். இரண்டு சுற்றுக்குப் பிறகும் 'டி' கோடும் ஸ்ப்ராக்கெட் கோடும் ஒத்து நிற்க வேண்டும்.

கடைசியாகத்தான் டேப்பட். வால்வு மூடியிருக்கும்போது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விடும் மெல்லிய இடைவெளி அது. பல என்ஜின்களில் 0.1 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். உங்கள் கேமின் அட்டை என்ன சொல்கிறதோ அதுதான் சரி. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஃபீலர் கேஜ் தகட்டை விட்டு, தாளை இரு விரலுக்கு நடுவில் இழுப்பது போன்ற லேசான பிடிப்பு தெரியும்வரை வைக்க வேண்டும். இடைவெளி அதிகமானால் சத்தம் வரும், அதை எல்லோரும் கேட்டுவிடுவார்கள். இடைவெளியே இல்லாவிட்டால் சத்தம் வராது, ஆனால் சூடானதும் வால்வு முழுதாக மூடாமல் அதன் விளிம்பு எரியும். அமைதியாக ஓடுகிற டேப்பட்டைப் பார்த்து நிம்மதியடைகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

கார்புரேட்டர் ஜெட்டையோ ஃப்யூயல் இன்ஜெக்ஷனையோ புது கேமுக்கு ஏற்ப மாற்றுவது தனிக் கட்டுரைக்கான விஷயம். மாற்றாமல் ஓட்டக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். பெல்ட் டிரைவ் ஏடிவி என்றால் கிளட்ச் பிடிக்கும் வேகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.

## மாந்தோப்பு வண்டி

அந்த வண்டியில் டிகிரி வீல் போட்டுப் பார்த்தேன். அட்டையில் இருந்த அளவுக்குச் சரியாகவே இருந்தது. மாட்டியவர் ஒழுங்காகத்தான் மாட்டியிருந்தார். வேலையில் பிழை இல்லை. தோப்புக்குப் பொருந்தாத கேம், அவ்வளவுதான்.

பையன் கம்பெனி கேமைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. லோப்களில் கீறல் இல்லை. அதையே திரும்ப மாட்டி, ஸ்பிரிங்கையும் ஜெட்டையும் பழையபடி வைத்து, டேப்பட் பார்த்துக் கொடுத்தேன். முதல் நாள் ஓட்டத்துக்குப் பிறகு குளிரவிட்டு டேப்பட்டை ஒருமுறை சரிபார்க்க நானே போயிருந்தேன். ஆறு கூடை பங்கனப்பள்ளியோடு கிணற்று மேட்டில் இரண்டாவது கியரிலேயே ஏறி வந்தான். நிறுத்திவிட்டு இறங்காமலே, "அந்தப் பெரிய கேம இன்னா பண்றதுண்ணா?" என்றான். எண்ணெய் தடவிப் பெட்டியில் போட்டு, அட்டையையும் அதோடு வைக்கச் சொன்னேன். அட்டை இல்லாத கேமை அடுத்து வாங்குகிறவர் எதை வைத்து அளப்பார்?